கெய்சரா, டேங்க்கா? ஷவர் வெந்நீரின் கதை

ஷவரின் கைப்பிடியைத் திருப்பினால் வெந்நீர் கொட்ட வேண்டும். கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது திடீரென்று பச்சைத் தண்ணீராக மாறிவிடக் கூடாது. கேட்பதற்கு எவ்வளவு சின்ன ஆசை! ஆனால் இதை நிறைவேற்ற இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று மூன்று நாடுகள் நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கின்றன. மூன்றும் மூன்று விதமான பதிலுக்கு வந்து சேர்ந்தன. நடுவில் கட்டடங்கள் வெடித்தன. குளிக்கப் போனவர்கள் உயிரோடு திரும்பாத சம்பவங்களும் உண்டு. கடைசியில் ஓர் அமெரிக்க ஜனாதிபதியே ஷவர் தண்ணீருக்காக உத்தரவு போடும் அளவுக்கு விஷயம் போனது.

கதைக்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. எட்டாம் வகுப்பு இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். குழாயில் 10 டிகிரியில் வரும் தண்ணீரை (குளிர் நாட்டுக் கணக்கு இது) 40 டிகிரிக்குக் கொண்டுபோய், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஷவரில் விட வேண்டும் என்றால் தேவைப்படும் சக்தி சுமார் 21 கிலோவாட். அதாவது 2 கிலோவாட் மின்சாரக் கெட்டில்கள் பத்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அதே வேலைக்கு 3 கிலோவாட் ஹீட்டரை வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூடத் தேறாது. தூறல்தான்.

ஆக, வழி இரண்டே. ஒன்று, குளிக்கும் அந்த நேரத்திலேயே பெரிய நெருப்பை மூட்டி, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சூடாக்குவது. இன்னொன்று, சின்ன நெருப்பை மணிக்கணக்கில் எரித்து, வெந்நீரை டேங்க்கில் சேர்த்து வைத்துக்கொண்டு, குளிக்கும்போது மொத்தமாகச் செலவழிப்பது. ஷவரின் வேகம் கூடக் கூட இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரிய தலைவலியாகிக்கொண்டே வந்தது.

ஷவர் என்ற கருவி வெந்நீருக்கு முந்தியது. லண்டனில் அடுப்பு செய்து விற்ற வில்லியம் ஃபீதம் 1767இல் ஒரு ஷவருக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் பம்ப் அடித்துத் தண்ணீரை மேலே ஏற்றி, சங்கிலியை இழுத்தால் தலையில் கொட்டும். பச்சைத் தண்ணீர்தான். அடுப்பு வியாபாரி செய்த ஷவரிலேயே வெந்நீர் இல்லை என்பது வேடிக்கை.

சரியாக நூற்றியோரு வருடம் கழித்து, 1868இல், அதே லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் வந்தார். தொழில் வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்காரம் செய்வது. அவர் செய்த கருவியில் கீழே எரிவாயு பர்னர் எரியும். குளிர்ந்த நீர் மேலிருந்து இறங்கும்போது அந்தச் சூடான வாயுவோடு நேரடியாகக் கலந்து சூடாகித் தொட்டிக்குள் விழும். விறகில்லை, கரியில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. ஐஸ்லாந்தில் பூமிக்குள்ளிருந்து பீறிட்டு அடிக்கும் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். அந்தப் பெயரையே மாகன் தன் கருவிக்கு வைத்தார். இன்றைக்கும் இந்திய வீடுகளில் குளியலறைச் சுவரில் தொங்குவதைக் "கெய்சர்" என்று சொல்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் அந்தச் சொல் பழசாகிப்போன பிறகும் நம்மிடம் தங்கிவிட்டது.

மாகனின் கெய்சரில் ஒரு பெரிய கோளாறு. புகை வெளியேறக் குழாய் இல்லை. எரிந்த வாயு எல்லாம் குளியலறைக்குள்ளேயே சுற்றும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிப்பவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலை சுற்றுவதை வெந்நீரின் சுகம் என்று நினைத்துக்கொண்டே மயங்கிவிடலாம்.

இந்தப் பகுதியைப் பழங்கதை என்று தாண்டிப் போக முடியாது. சமையல் எரிவாயுவில் ஓடும் கெய்சரைச் சின்னக் குளியலறைக்குள்ளேயே மாட்டி, கதவை அடைத்துக்கொண்டு குளித்தவர்கள் இறந்துபோன செய்திகள் இந்திய நகரங்களிலிருந்து இந்த நூற்றாண்டிலும் வந்தபடிதான் இருக்கின்றன. 1868இன் அதே கோளாறு.

அமெரிக்கா வேறு பக்கமிருந்து வந்தது. அங்கே சமையலறையில் பெரிய இரும்பு அடுப்பு நாள் முழுவதும் எரியும். அந்த அடுப்புக்குள்ளேயே தண்ணீர் ஓட ஓர் அறையை வைத்து, பக்கத்தில் நிற்கும் உயரமான உருளை டேங்க்கோடு இணைத்துவிட்டார்கள். சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பம்ப் எதுவும் வேண்டாம். சமையலோடு சமையலாக நூற்றுச் சொச்சம் லிட்டர் வெந்நீர் சேர்ந்துவிடும். நம் ஊர்களில் நடுவில் கரி போட்டு எரிக்கும் செம்பு பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது. கோடைக்காலத்தில்தான் சிக்கல். வெந்நீருக்காக அடுப்பை எரித்தால் வீடே அனலாகிவிடும்.

இதைத் தீர்த்தவர் எட்வின் ரூட். நார்வேயிலிருந்து குடியேறி, பிட்ஸ்பர்கில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸிடம் வேலை பார்த்த பொறியாளர். 1889 வாக்கில் எரிவாயுவில் தானாக இயங்கும் டேங்க் ஹீட்டரை உருவாக்கினார். தண்ணீர் ஆறினால் பர்னர் தானே எரியும், சூடானதும் தானே அடங்கும். 1897இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். குழாயைத் திறந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும் டேங்க் இல்லாத ஹீட்டர்களையும் அவர் நிறுவனம் விற்றது. ஆனால் அது பணக்கார மாளிகைகளின் நிலவறைக்குப் போனது. சாதாரண வீட்டுக்கு வந்தது டேங்க். ஒரே நேரத்தில் பெரிய நெருப்பு வேண்டும் என்றால் கருவியும் விலை, அதற்குப் போடும் எரிவாயுக் குழாயும் தடிமன். சின்ன நெருப்புக்கு அந்தக் கவலை இல்லை.

சூரியனையும் விட்டுவைக்கவில்லை. பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் கறுப்பு டேங்க்குகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்துக் கூரையில் ஏற்றினார். பெயர் கிளைமாக்ஸ். கலிஃபோர்னியாவில் நன்றாக விற்றது. ஒரே குறை, சாயங்காலம் குளித்தால் வெந்நீர். காலையில் குளித்தால் பச்சைத் தண்ணீர், ஏனென்றால் டேங்க் இரவெல்லாம் வெளியில் ஆறிக் கிடக்கும். 1909இல் வில்லியம் பெய்லி சூடாக்கும் தகட்டைக் கூரையில் விட்டு, டேங்க்கை மட்டும் பிரித்து வீட்டுக்குள் கொண்டுவந்து, வெப்பம் போகாமல் பொதிந்து வைத்தார். விளம்பரப் பெயர் "டே அண்ட் நைட்". இன்று மொட்டைமாடிகளில் நிற்கும் சோலார் ஹீட்டர்களின் அமைப்பு ஏறக்குறைய அதுவேதான். 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அங்கே சூரியன் தோற்றுப்போனது.

டேங்க்குக்குப் புகைப் பிரச்சினை குறைவு. ஆனால் அதன் ஆபத்து வேறு ரகம். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும், அழுத்தம் தாங்கும் வரை. எங்காவது ஓர் இடத்தில் கிழிந்தால் உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியின் பருமன் நீரைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல். 1982 ஜனவரியில் ஓக்லஹோமா மாநிலம் ஸ்பென்சரில் ஒரு தொடக்கப் பள்ளியின் வெந்நீர் டேங்க் மதிய உணவு நேரத்தில் வெடித்தது. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சரி, அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய வால்வும் சரி, அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. டேங்க் ஹீட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பித்தளை வால்வு இருக்கும். பலர் அதைச் சொட்டுகிறது என்று அடைத்துவிடுவார்கள். அடைக்கவே கூடாத வால்வு அது.

டேங்க்கை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதிலும் ஒரு சண்டை உண்டு. சூடு அதிகமாக இருந்தால் அதில் நிறையப் பச்சைத் தண்ணீர் கலந்து நீண்ட நேரம் குளிக்கலாம். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். அமெரிக்காவில் குழாய் வெந்நீரால் வெந்துபோன குழந்தைகள் ஏராளம். அதனால் 1983இல் வாஷிங்டன் மாநிலம் புதிய ஹீட்டர்களைச் சுமார் 49 டிகிரியில் வைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நல்லதுதான். இதற்கிடையில் 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களில் பலர் மர்மக் காய்ச்சலில் இறந்ததும், லெஜியோனெல்லா என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அது வெதுவெதுப்பான நீரில் சுகமாக வளரும். 60 டிகிரியில் செத்துப்போகும். குழந்தைக்கு 49, கிருமிக்கு 60! இரண்டுக்கும் சமாதானமாக வந்ததுதான் கலவை வால்வு. டேங்க்கில் 60 டிகிரியில் சேர்த்து, வெளியே வரும்போது பச்சைத் தண்ணீர் கலந்து பாதுகாப்பான சூட்டில் அனுப்பும். இதில் போனஸாக டேங்க்கின் பயன்படும் அளவும் கூடியது. வேகமான ஷவர் வைப்பவர்களுக்கு இது முக்கியமான விஷயம்.

எவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். ஓர் அமெரிக்க வீட்டில் 190 லிட்டர் டேங்க் என்பது சாதாரண அளவு. உள்ளே பச்சைத் தண்ணீர் நுழைய நுழைய வெந்நீர் கலங்கிவிடுவதால் முழுவதும் பயன்படாது. சுமார் 70 சதவீதம், அதாவது 133 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 60 டிகிரி வெந்நீரையும் 10 டிகிரி நீரையும் 40க்குக் கலக்க, ஷவரில் வருவதில் 60 சதவீதம் டேங்க்கிலிருந்து வர வேண்டும். குளிக்கும்போது பர்னர் சேர்க்கும் சூட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 9.5 லிட்டர் ஷவருக்கு 23 நிமிடம் தாங்கும். 19 லிட்டர் ஷவர் என்றால் 12 நிமிடத்துக்குள் முடிந்தது. சுவரெல்லாம் துளை வைத்து 30 லிட்டர் கொட்டும் ஆடம்பர ஷவர் என்றால் ஏழு நிமிடம்!

அந்த 9.5 சும்மா எடுத்த எண் அல்ல. 1980களில் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 19 லிட்டர் வரை கொட்டும் ஷவர்கள் இருந்தன. 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், 1994 முதல் ஷவருக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது 9.5 லிட்டர்தான் உச்சவரம்பு என்றது. தண்ணீரும் மிச்சம், சூடாக்கும் செலவும் மிச்சம். ஆனால் மக்கள் கொதித்துப்போனார்கள். 1996இல் சைன்ஃபெல்ட் தொலைக்காட்சித் தொடரில், குறைந்த வேக ஷவரைத் தாங்க முடியாமல் கள்ளச் சந்தையில் பழைய ரக ஷவர் வாங்கும் கதையே ஓர் அத்தியாயமாக வந்தது. உற்பத்தியாளர்கள் வேறு வழி பார்த்தார்கள்: ஒரே ஷவரில் பல தலைகள், ஒவ்வொரு தலையும் 9.5 லிட்டர்! 2010களின் தொடக்கத்தில் அரசு எல்லாத் தலைகளையும் சேர்த்து ஒன்று என்றது. 2020 டிசம்பரில் டிரம்ப் அரசு தனித்தனி என்றது. 2021 டிசம்பரில் பைடன் அரசு மறுபடி சேர்த்துவிட்டது. 2025 ஏப்ரலில் மீண்டும் டிரம்ப் உத்தரவு போட்டு அந்த விளக்கத்தை நீக்கச் சொன்னார். இத்தனை சண்டையிலும் யாரும் அதிகம் பேசாதது, அத்தனை தலைகளுக்கும் வெந்நீர் எங்கிருந்து வரும் என்பதுதான்.

இங்கிலாந்தின் நோய் வேறு. அங்கே நெருப்பு இருந்தாலும் தண்ணீருக்கு வேகம் இல்லை. தெருக்குழாயின் அழுத்தத்தை நேரடியாக மூடிய வெந்நீர் டேங்க்குக்குக் கொடுக்க விதிகள் நெடுங்காலம் இடம் தரவில்லை. டேங்க் வெடித்துவிடும் என்ற பயம் ஒன்று, வீட்டு நீர் திரும்பிப்போய்க் குடிநீரில் கலந்துவிடும் என்ற பயம் இன்னொன்று. அதனால் கூரைக்கு அடியில் ஒரு திறந்த தொட்டி, அதிலிருந்து கீழே இறங்கும் தண்ணீர். ஷவருக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். மேல்மாடிக் குளியலறை என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கர்கள் இங்கிலாந்து ஷவரைக் கிண்டலடிப்பது இதனால்தான்.

இதற்கு இங்கிலாந்து கண்ட மருந்து மின்சார ஷவர். தெருக்குழாய்ப் பச்சைத் தண்ணீரை நேரே சுவரில் ஒரு பெட்டிக்குள் விட்டு 7 முதல் 10.8 கிலோவாட்டில் சூடாக்குவது. மாகனின் யோசனைதான், நெருப்புக்குப் பதில் மின்சாரம். அழுத்தம் வந்தது, ஆனால் சக்தி போதவில்லை. மேலே போட்ட கணக்கையே போட்டால் குளிர்காலத்தில் 10.8 கிலோவாட் பெட்டி நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர்தான் தரும். 1980களின் நடுவில் விதிகள் தளர்ந்து மூடிய டேங்க் அனுமதிக்கப்பட்டது. பிறகு காம்பி பாய்லர்கள் பரவின. ஒரே பெட்டி வீட்டையும் சூடாக்கும், குழாயைத் திறந்தால் ஓடும் நீரையும் சூடாக்கும். 24 கிலோவாட் காம்பி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும். ஒரு ஷவருக்குப் போதும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் உள்ளிருந்து கத்தல் கேட்கும்.

ஜப்பான் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. ஹீட்டரின் அளவை அவர்கள் டேங்க்கின் லிட்டரிலோ கிலோவாட்டிலோ சொல்வதில்லை. "கோ" என்ற எண்ணால் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்தினால் ஒரு கோ. 16 கோ, 20 கோ, 24 கோ என்று கடையில் கிடைக்கும். 24 கோ என்றால் சுமார் 42 கிலோவாட். ஷவரும் சமையலறைக் குழாயும் ஒன்றாக ஓடலாம். வாங்குகிறவர் தன் வீட்டில் எத்தனை குழாய் ஒரே நேரத்தில் திறக்கும் என்று எண்ணினால் போதும். புகைக்கும் வழி சொன்னார்கள். கருவியையே வெளிச்சுவரிலோ பால்கனியிலோ மாட்டிவிட்டார்கள். 2001இல் அதே ஜப்பான் இன்னொரு பக்கம் திரும்பி, கார்பன் டை ஆக்சைடைக் குளிர்பதனப் பொருளாகக் கொண்ட ஹீட் பம்ப் ஹீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவான இரவு மின்சாரத்தில் மெதுவாகச் சூடாக்கி 370, 460 லிட்டர் டேங்க்குகளில் சேர்த்து வைக்கும். ஹீட் பம்ப் சிக்கனமானது, ஆனால் நிதானமானது. பெரிய டேங்க் இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை.

நம் ஊர்க் கணக்கு இதில் எங்கே நிற்கிறது? சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால் 40க்கு 12 டிகிரி ஏற்றினால் போதும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கெய்சர் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தரும். பக்கெட்டில் பிடித்து மொண்டு குளிப்பவருக்கு அது தாராளம்; பக்கெட்டே ஒரு டேங்க்தானே! ஆனால் அதே வீட்டில் 10 லிட்டர் ஷவர் மாட்டினால் 8 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 60 டிகிரியில் உள்ள 25 லிட்டர் டேங்க்கும் நாலைந்து நிமிடத்தில் கையை விரித்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இன்னும் சீக்கிரம்.

அமெரிக்காவுக்கே திரும்பினால், ஜப்பானிய பாணி டேங்க் இல்லாத ஹீட்டர்கள் இந்த நூற்றாண்டில் அங்கே நன்றாகப் பரவிவிட்டன. பெரிய மாடல்கள் பெரும்பாலும் மணிக்கு 1,99,000 பிடியூ என்றுதான் இருக்கும், அதாவது சுமார் 58 கிலோவாட். 2,00,000ஐத் தாண்டினால் வீட்டுக் கருவி என்ற வகையிலிருந்து வெளியேறி வேறு விதிகளுக்குள் போய்விடும். அதனால் விளிம்பிலேயே நிற்கிறார்கள். பழைய டேங்க்கை எடுத்துவிட்டு இதை மாட்டுபவர்கள் பலர் அதிர்ச்சியடைவது எரிவாயுக் குழாயில். 12 கிலோவாட் பர்னருக்குப் போட்ட அரை அங்குலக் குழாய் இதற்குப் பெரும்பாலும் பற்றாது. மின்சாரத்தில் வேண்டும் என்றால் 36 கிலோவாட் மாடல் 240 வோல்டில் 150 ஆம்பியர் இழுக்கும். பல வீடுகளின் மொத்த இணைப்பே 200 ஆம்பியர்தான்.

அந்த 58இல் புகையோடு போவது போக 48 கிலோவாட் தண்ணீருக்குச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், மினசோட்டாவின் குளிர்காலத்தில் 5 டிகிரியில் நுழையும் நீரை 40க்கு ஏற்றி நிமிடத்துக்கு இருபது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். 30 லிட்டர் ஷவருக்கு அங்கே இரண்டு ஹீட்டர்களை இணைத்து மாட்ட வேண்டும், அல்லது 300 லிட்டருக்கு மேல் டேங்க் வைக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் நீர் 22 டிகிரியிலேயே வருகிறது என்றால் அதே 30 லிட்டர் ஷவருக்கு ஒரே ஹீட்டர் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.